தீவன மூட்டைக்குள் எதைத் தேடுவது?

கொங்கு நாட்டில் கன்று ஈன்ற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பது பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம். இரவு ஊறப்போட்ட கொட்டையைக் காலையில் ஆட்டி, தவிடும் பிண்ணாக்கும் சேர்த்துக் கரைத்துத் தாழியில் ஊற்றினால் மாடு தலையை எடுக்காமல் உறிஞ்சும். பாலில் கொழுப்பு ஏறும். கொழுப்பைப் பார்த்துத்தான் பால் சொசைட்டியில் விலை என்பதால் கொட்டைக்குப் போட்ட காசு கைக்குத் திரும்பி வரும். ஆட்டுரல் இருந்த இடத்தில் இப்போது கிரைண்டர் ஓடுகிறது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

கொட்டை மாறிவிட்டது. 2002 மார்ச்சில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தது. பத்தே ஆண்டுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கை அது பிடித்தது. பஞ்சு ஆலைக்குப் போனது. கொட்டை செக்குக்கும் தீவனக் கடைக்கும் போனது. பி.டி. கொட்டை வேறு, நாட்டுக் கொட்டை வேறு என்று ஜின்னிங் ஆலைகள் பொதுவாகப் பிரித்து வைப்பதில்லை. ஆகவே பருத்திக்கொட்டையோ பருத்திப் பிண்ணாக்கோ தின்னும் இந்திய மாடு, எருமைகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகளாக மரபணு மாற்றிய தீவனத்தைத்தான் தின்றுகொண்டிருக்கின்றன. மதுரையில் மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் விற்கும், கருப்பட்டியும் சுக்கும் போட்ட பருத்திப்பாலும் அதே கொட்டையில் இறக்கியதுதான்.

இதனால் கால்நடைக்கு என்ன கேடு என்ற கேள்வி நியாயமானது. அதற்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டே வகை. முழுக்க விஷம், மாடு மலடாகிறது, கோழி செத்துப்போகிறது என்பார்கள் ஒருசாரார். ஆராய்ச்சியெல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்பார்கள் மறுசாரார். மாடு வளர்ப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. இதுவரை வந்த சான்றுகளை நேர்மையாகப் படித்தால், புகுத்திய மரபணு தீவனத்தின் வழியாகக் கால்நடையைக் கெடுத்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் அதே மூட்டைக்குள், நிரூபணமான ஒரு விஷம் வேறு பெயரில் இருக்கிறது. அதைத் தேட வேண்டியவர்கள் தேடுவதில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

முதலில் பி.டி. என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அதன் மரபணு ஒன்றைப் பருத்திக்குள் புகுத்தியதால், செடியே ‘க்ரை’ என்ற வகைப் புரதத்தைத் தயாரிக்கிறது. காய்ப்புழு இலையையோ காயையோ கடித்தால், காரத்தன்மை கொண்ட அதன் குடலில் இந்தப் புரதம் முறுக்கேறி, குடல்சுவரில் தனக்கென்று உள்ள பற்றிடத்தில் ஒட்டி, ஓட்டை போடும். புழு தீனி எடுக்காமல் சாகும். மாட்டின் வயிற்றிலோ கோழியின் இரைப்பையிலோ இருப்பது அமிலம். புரதம் அங்கே மற்றப் புரதங்களைப் போலச் சிதைந்துவிடுகிறது. ஒட்டிக்கொள்ள வேண்டிய பற்றிடமும் பாலூட்டிகளின் குடலில் இல்லை. இதோடு தொடர்பில்லாமல், பருத்திக்கொட்டையில் மரபணு மாற்றத்துக்கு முன்பே இயற்கையாக இருந்த நஞ்சு ஒன்று உண்டு, காசிபால் என்று பெயர். அசைபோடும் பெரிய மாடு அதைத் தாங்கிக்கொள்ளும்; இளங்கன்றும் கோழியும் பன்றியும் தாங்காது. கால்நடை மருத்துவர்கள் கன்றுக்குப் பருத்திக்கொட்டை வைக்காதீர்கள் என்று சொல்வது அந்தப் பழைய நஞ்சை நினைத்துத்தான்.

இவ்வளவு தெளிவாக இருந்தால் பயம் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் அது வந்தது வாரங்கல்லில் இருந்து.

2006-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள். அப்போதைய ஆந்திரத்தின் வாரங்கல் மாவட்டத்தில் பருத்தி எடுத்து முடித்த காடுகளில், எப்போதும்போல் மேய்ச்சல்காரர்கள் ஆடுகளை விட்டார்கள். காய்ந்த செடியில் மிஞ்சிய இலை, காய், வெடிக்காத பிஞ்சு எல்லாம் ஆட்டுக்குத் தீனி. நிலத்துக்காரருக்கு எரு மிச்சம். சில நாள் தொடர்ந்து மேய்ந்த மந்தைகளில் ஆடுகள் சோர்ந்து நின்றன, வயிறு உப்பியது, மூக்கில் சளி ஒழுகியது, பின்பு செத்து விழுந்தன. நான்கே கிராமங்களில் 1,800-க்கும் அதிகமான ஆடுகள் இறந்ததாக, மேய்ச்சல்காரர் சங்கமும் அவர்களோடு நின்ற தன்னார்வ அமைப்புகளும் கணக்கெடுத்துச் சொல்லின. பல ஆண்டுகளாக அதே பருத்திக்காட்டில் மேய்த்த அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். புதிதாக வந்தது பி.டி. பருத்தி ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தவறு இருக்க முடியும்?

ஒப்புதல் குழு ஆராய்ந்து வேறு முடிவுக்கு வந்தது. இறப்புக்குக் காரணம் அளவுக்கு மீறிய நைட்ரேட்டும், பருத்தியில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்தின் எச்சமுமாக இருக்கலாம், பி.டி. புரதம் அல்ல என்றது. விஞ்ஞானமாகப் பார்த்தால் இது நம்பக்கூடிய விளக்கம். காய்ப்புழுவுக்கு மட்டும்தான் பி.டி. எமன். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்காக மோனோகுரோட்டோபாஸ், அசிபேட் என்று மருந்தடி தொடர்ந்தபடியே இருந்தது. பருத்திக்கு அடிக்கும் மருந்து எவ்வளவு கொடியது என்பதை 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டம் நாட்டுக்கே காட்டியது. தெளிப்பான் சுமந்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்கு மேல் அங்கே உயிரிழந்தார்கள். மனிதனை மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் கொன்ற மருந்து, அதே இலையை வயிறு நிறையத் தின்ற ஆட்டை விட்டுவைக்குமா?

ஆனாலும் வாரங்கல் மேய்ச்சல்காரருக்கு அந்தப் பதில் போதவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. சாவு நடந்த நாளிலேயே உடல்களை அறுத்துப் பார்த்து, குடலையும் ஈரலையும் இரைப்பையில் இருந்த இலையையும் பி.டி. புரதம், பூச்சிமருந்து, நைட்ரேட் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாகப் பரிசோதித்து, முடிவை ஊர்க்காரர் முன்னால் வைத்திருந்தால் சந்தேகம் அப்போதே தீர்ந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. பி.டி. பருத்திக் காட்டில் மேய்க்க வேண்டாம் என்று பிற்பாடு கால்நடைத் துறையே அறிவுறுத்தியது. ஒரு கை குற்றமில்லை என்கிறது, இன்னொரு கை விலகி நில் என்கிறது. வாயில்லா ஜீவனை நம்பிப் பிழைக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

உலக அளவில் இந்தப் பயத்துக்கு முகம் கொடுத்தது ஒரு படம். உடம்பெங்கும் பெரிய கட்டிகளோடு ஒரு எலி. 2012 செப்டம்பரில் பிரான்சின் கான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செராலினி குழு, மான்சாண்டோவின் என்.கே.603 மக்காச்சோளத்தையும் ரவுண்டப் களைக்கொல்லியையும் இரண்டு ஆண்டு கொடுத்த எலிகளுக்குப் புற்றுக்கட்டி கூடியதாக எழுதியது. 200 எலிகள் என்று கேட்டால் பெரிய எண்ணிக்கையாகத் தோன்றும். அவற்றை 20 குழுவாகப் பிரித்ததில் ஒரு குழுவுக்குப் பத்துதான் மிஞ்சின. பயன்படுத்திய ஸ்பிராக்-டாலி இன எலிக்கோ, எதையும் கலக்காத சாதாரணத் தீனி போட்டாலே முதுமையில் கட்டி வருவது இயல்பு. இவ்வளவு சிறிய குழுவை வைத்து, எது தற்செயல், எது தீனியால் வந்தது என்று பிரித்தறிய வழியில்லை. 2013 நவம்பரில், கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு வேறோர் இதழில் அது மறுபடி வந்தது.

அதோடு நின்றிருந்தால் ‘அமுக்கிவிட்டார்கள்’ என்ற பேச்சு நிலைத்துப் போயிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் உருப்படியான காரியம் ஒன்றைச் செய்தது. பொதுப் பணத்தைப் போட்டு, அதே என்.கே.603 மக்காச்சோளத்தை வைத்து, இரண்டு ஆண்டுச் சோதனையைப் பெரிய குழுக்களோடு மறுபடி நடத்த வைத்தது. பிரான்ஸ் அரசும் தனியாக ஆறு மாதச் சோதனைக்குப் பணம் கொடுத்தது. 2018, 2019-இல் முடிவுகள் வெளியாயின. அந்தத் தீனியால் எலிகளுக்குக் கேடு வந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. செராலினியின் படத்தைப் பகிர்ந்த கைகளில் நூற்றில் ஒன்றுகூட இந்த முடிவைப் பகிர்ந்திருக்காது. பத்திரிகைகளுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

எலியை விடுத்து மாட்டைப் பார்க்க விரும்புவோருக்கு ஜெர்மனியின் பவேரியாவில் நடந்த சோதனை முக்கியமானது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 36 கறவை மாடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எம்.ஓ.என்.810 என்ற பி.டி. மக்காச்சோளமும், மறுபாதிக்கு அதற்கு இணையான சாதாரண மக்காச்சோளமும் 25 மாதம் கொடுத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஈற்றைத் தொடும் காலம் அது. பால் அளவு, உடல் எடை, இரத்தம் எல்லாம் பார்க்கப்பட்டன. இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. பி.டி. புரதம் பாலில் இறங்கவும் இல்லை. இதுபோன்ற நீண்டகாலச் சோதனைகளையும், தாய், குட்டி, பேரக்குட்டி என்று தலைமுறை தாண்டிப் போன சோதனைகளையும் 2012-இல் தொகுத்துப் பார்த்த ஆய்வும் உடல்நலக் கேட்டுக்கு அறிகுறி காணவில்லை.

அமெரிக்காவின் கணக்கு இன்னும் பெரியது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆலிசன் வான் ஈனன்னாம் 2014-இல், 1983 முதல் 2011 வரையிலான அரசுப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார். 1996-க்குப் பிறகுதான் மரபணு மாற்றிய தீவனம் அங்கே புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னுமாகப் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விலங்குகள் அந்தக் கணக்கில் வந்தன. பாலில் மடிநோயைக் காட்டும் அணுக்களின் எண்ணிக்கை, கறிக்கூடத்தில் நோய் என்று கழித்த உடல்களின் எண்ணிக்கை எதிலும் 1996-க்குப் பின் கெடுதலான திருப்பம் இல்லை.

இந்த எண்ணைக் கேட்டு மயங்கிவிடவும் கூடாது. அந்தக் கணக்கில் மிகப் பெரும்பங்கு ஆறேழு வாரத்தில் கறிக்குப் போகும் பிராய்லர் கோழிகள். பத்து வருஷம் அதே கொட்டையைத் தின்று ஏழெட்டுக் கன்று ஈனும் மாட்டைப் பற்றி அவை சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அப்படிப்பட்ட மாடு அமெரிக்கப் பண்ணையில் கிடைக்காது. ஈரோட்டிலும் தருமபுரியிலும் கிடைக்கும். அவ்வளவு நீண்டகாலம் பி.டி. கொட்டை தின்ற கறவை மாடுகள் இந்தியாவில் இருக்கின்றன. 2002-க்கு முன் இங்கே ஆடு, மாடு, எருமை, கோழி, மீன்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் சில வாரங்களும் சில மாதங்களும் நடந்தவை. அனுமதி கொடுத்தபின் இருபது ஆண்டு என்ன ஆயிற்று என்று பின்தொடர்ந்து பார்க்க ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. இன்று மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை குத்தி 12 இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணில் பதிவாகின்றன. தீவனத்தையும் நோயையும் அதே எண்ணில் சேர்த்துப் பதிந்தால், வேறெந்த நாட்டாலும் செய்ய முடியாத ஆய்வைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சில ஆண்டுகளில் செய்து முடிக்கும். மனம்தான் வேண்டும்.

‘மரபணு மாற்றம் என்றாலே பாதுகாப்பு’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதும் பிழை. கோழித் தீவனத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. சோயாவில் மெத்தியோனின் என்ற சத்து குறைவு. கோழிக்கு அது வேண்டும் என்பதால் தீவனத்தில் தனியாகச் சேர்க்கிறார்கள். அந்தச் செலவைக் குறைக்க, பயோனியர் நிறுவனம் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சோயாவில் புகுத்தியது. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாத மனிதர்களின் இரத்தத்தோடு புதுச் சோயாவைச் சோதித்துப் பார்த்தபோது, மரபணுவோடு ஒவ்வாமையும் சோயாவுக்குள் வந்துவிட்டது தெரிந்தது. 1996-இல் முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை.

ஆஸ்திரேலியாவில் அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் பத்தாண்டு பாடுபட்டு, வண்டு துளைக்காத பட்டாணி ஒன்றை உருவாக்கியது. பீன்ஸிலிருந்து எடுத்த மரபணு. அந்தப் பட்டாணியைத் தின்ற சுண்டெலிகளின் நுரையீரலில் அழற்சி கண்டதும் 2005-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். பின்னால் வேறொரு குழு, சாதாரண பீன்ஸுக்கும் சுண்டெலிகள் அதேபோல் அழற்சி காட்டுவதாகக் கண்டது. அது பிறகு வந்த வெளிச்சம். சந்தேகம் எழுந்த நேரத்தில் நிறுத்தி வைத்ததுதான் சரியான செயல். ஆக, ஒவ்வொரு மரபணுவும் தனி வழக்கு. ஒன்றுக்கு வந்த தீர்ப்பை இன்னொன்றுக்குச் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்களின் கதை வேறு. அங்கே செடிக்குள் புகுந்த மரபணுவைவிட, செடியின் மேல் கொட்டும் கிளைபோசேட்தான் பேச வேண்டிய பொருள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள பொருள் என்று 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வகைப்படுத்தியது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. சண்டை ஓயவில்லை. அமெரிக்கச் சோயாவோ அர்ஜென்டினாச் சோயாவோ தீவனமாக இங்கே இறங்கும்போது அதில் எச்சம் எவ்வளவு என்று அளந்து பார்ப்பது ஒழுங்கான துறைமுகத்துக்குக் கடினமான வேலையே இல்லை.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த இன்னொரு விஷம்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களில் செத்தன. என்ன நோயென்று தெரியவில்லை. கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தேடல் தீவனத்தில் வந்து நின்றது. பிரேசிலில் இருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலைத் தாக்கி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியான பொருள் அது. மரபணு மாற்றம் என்ற பேச்சே உலகத்தில் எழாத காலம்.

அந்தப் பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் வெக்கையும். தமிழ்நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுக்கும் நேரத்தில் தார்ச்சாலை ஓரமெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். உலர்த்த வேறு களம் இல்லாததால் சாலையே களம். ராத்திரி ஒரு தூறல் போட்டால் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மூடிய பாய்க்குள் வியர்த்துப்போன சோளம் காலையில் கதகதவென்று இருக்கும். ஈரம் நூற்றுக்குப் பதினான்கைத் தாண்டினாலே ஆபத்து. வியாபாரிக்கு எடை முக்கியம், விவசாயிக்கு உடனே காசு வேண்டும். சோளம் அப்படியே மூட்டையேறும். குடோனில் சுவரோரம், தரையோடு கிடக்கும் அடிமூட்டையைப் பிரித்தால் மணிகள் கட்டிபிடித்து, பச்சையும் சாம்பலுமாகத் தூள் பறக்கும், மூக்கில் காரநெடி ஏறும். அதைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? நல்ல சோளத்தோடு கலந்து அரைத்துவிட்டால் தெரியாது. மழையில் நனைந்த பருத்திக்கொட்டைக்கும், கடலைப் பிண்ணாக்குக்கும் இதே கதிதான்.

மாட்டுக்கு இது ஒரே நாளில் காட்டிக்கொடுக்கும் விஷம் அல்ல. தீனி குறையும், பால் இறங்கும், சினை நிற்காமல் பருவம் பருவமாகத் திரும்பும், தடுப்பூசி போட்டும் நோய் தாக்கும். கோழிக்கு ஈரல் வெளிறி வீங்கும், முட்டை குறையும். வாத்துக்கு எல்லாவற்றையும்விட மோசம். எந்த அறிகுறியும் ‘இது பூஞ்சைதான்’ என்று தனியாக அடையாளம் சொல்லாது. மாடு மலடாகிறது, கோழி நோய் தாங்குவதில்லை என்று மரபணுவின் மேல் போடும் குற்றச்சாட்டுகளில் பலவற்றை, இந்த நஞ்சு செய்யும் வேலைகளின் பட்டியலோடு ஒருமுறை ஒத்துப் பார்க்க வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மாடு தின்ற அஃப்ளாடாக்சின் பி1-இல் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை, எம்1 என்ற வடிவத்தில் ஒரே நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். காய்ச்சினாலும் போகாது, பாக்கெட் பாலாக்கினாலும் போகாது. 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. ஊரெல்லாம் பயப்படும் கலப்படம், உயிருக்குக் கேடான அளவில் இருந்தது 12 மாதிரிகளில் மட்டும். அனுமதித்த அளவுக்கு மேல் அஃப்ளாடாக்சின் எம்1 இருந்தது 368 மாதிரிகளில். எண்ணிக்கையில் மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551-இல் 88. ஆறு மாதிரிக்கு ஒன்று. அடுத்து டெல்லியும் கேரளமும். தீவனத்தின் வழியாகத்தான் இது பாலுக்கு வருகிறது என்று ஆணையமே அப்போது சொன்னது. பி.டி. கத்தரிக்காய்க்கு எதிராகத் தெருவில் இறங்கிய ஊர், குழந்தை குடிக்கும் பாலில் இருந்த இந்தக் கணக்கைக் கேட்டு ஒரு வாரம்கூட உறக்கம் கெடவில்லை.

இதில் மரபணு மாற்றத்தை எதிர்ப்பவருக்குக் கசக்கக்கூடிய உண்மை ஒன்றும் உண்டு. புழு துளைத்த மணியின் வழியாகத்தான் பூஞ்சை எளிதில் உள்ளே புகுகிறது. பி.டி. மக்காச்சோளத்தில் புழுத் துளை குறைவு. வயல்வெளி ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2018-இல் வந்த ஓர் அலசல், மரபணு மாற்றிய மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சுகள் சுமார் 29 சதவீதம் குறைவு என்று கண்டது. இந்தியாவில் அந்தச் சோளத்தைக் கொண்டுவர இதுவே போதும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. விதை யார் கையில் இருக்கும், நாட்டுச் சோளத்துக்கு என்ன ஆகும் என்பவை பெரிய கேள்விகள். ஆனால் கால்நடை நலம் என்ற தராசில் மட்டும் நிறுத்தால் எடை எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்கக் கூடாது.

வரும் ஆண்டுகளில் தொல்லை கூடத்தான் போகிறது. மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலைகள் பெருகுகின்றன. மாவுச்சத்து எத்தனாலாகப் போனபின் மிஞ்சும் சக்கை, விலை மலிவு என்று கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வருகிறது. மாவு போய்விடும், நஞ்சு போகாது. சோளத்தில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியில் அது சக்கையில் தங்கும்.

இதையெல்லாம் யார் பார்க்க வேண்டும்? இங்கேதான் சட்டத்தில் ஓட்டை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் கால்நடைத் தீவனத்தை வெளியே நிறுத்திவிட்டது. பாலில் விஷம் இருந்தால் கேட்க ஆள் உண்டு. அந்த விஷம் வந்த மூட்டையைக் கேட்க அதே ஆளுக்கு அதிகாரம் இல்லை. கலப்புத் தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்ளாடாக்சின் பி1 கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் தவிட்டையும் பிண்ணாக்கையும் சில்லறையாக வாங்கி வீட்டிலேயே கலக்கும் இரண்டு மாட்டுக்காரருக்கு அந்தத் தர நிர்ணயத்தால் பயன் இல்லை.

2021 ஆகஸ்டில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சோயாப் பிண்ணாக்கு விலை விண்ணைத் தொட்டபோது, கோழிப் பண்ணையாளர்களின் முறையீட்டை ஏற்று, மரபணு மாற்றிய சோயாவின் பிண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. நாமக்கல்லில் தீவனச் செலவு தாங்காமல் கோழியைக் கழித்துக்கொண்டிருந்த நேரம். பண்ணையாளரின் அவசரம் உண்மையானது. எண்ணெய் எடுத்து அரைத்த பிண்ணாக்கில் முளைக்கும் உயிர் இல்லை, எனவே ஆட்சேபணை இல்லை என்றது சுற்றுச்சூழல் அமைச்சகம். முளைக்குமா என்பது வயலைப் பற்றிய கேள்வி. தின்றால் என்ன ஆகும், எச்சம் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்பவை கோழியைப் பற்றிய கேள்விகள். இரண்டாவதற்குப் பொறுப்பான பதில் யாரிடமிருந்தும் வரவில்லை. அதே ஆண்டு மார்ச் முதல், இறக்குமதியாகும் 24 வகை உணவுப் பயிர்களுக்கு ‘மரபணு மாற்றமில்லை’ என்ற சான்றிதழ் கட்டாயமானது. மனிதன் தட்டுக்கு ஒரு நீதி, கோழியின் தொட்டிக்கு ஒரு நீதி.

இரண்டையும் பிரித்து வைக்க முடியாது என்பதை அமெரிக்கா 2000-இலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. ஸ்டார்லிங்க் என்ற பி.டி. மக்காச்சோளத்துக்குத் தீவனமாக மட்டும் அங்கே அனுமதி. மனிதருக்கு ஒவ்வாமை தருமோ என்ற ஐயம் தீரவில்லை. இரண்டே ஆண்டில் அது கடைகளில் விற்கும் டாக்கோ ரொட்டியில் கண்டுபிடிக்கப்பட்டு, நாடெங்கும் பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அனுமதிக்குக் கொடுக்கும் சோதனை விவரங்களை வணிக ரகசியம் என்று பூட்டி வைப்பதும் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. எம்.ஓ.என்.863 மக்காச்சோளத்தின் 90 நாள் எலிச் சோதனையை மான்சாண்டோ வெளியிட, 2005-இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இங்கே பி.டி. கத்தரியின் சோதனை விவரங்கள், தகவல் உரிமை மனுவும் உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகே 2008-இல் பொதுவெளிக்கு வந்தன. அந்தக் கோப்பில் கறவை மாடு, ஆடு, முயல், கோழி, மீன் என்று எல்லாவற்றுக்கும் சோதனை இருந்தது. நடத்தச் செய்தவர் விதையை விற்கப் போகிறவர். குற்றமே இல்லாவிட்டாலும் இந்த ஏற்பாட்டை நம்பு என்று ஊரைக் கேட்க முடியாது. சோதனைக்கான பணத்தை நிறுவனத்திடம் கட்டணமாக வாங்கி, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அரசு எடுத்துக்கொண்டு, விவரத்தை முதல் நாளிலிருந்தே இணையத்தில் போட வேண்டும். மரபணு மாற்றிய பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில், 2024 ஜூலையில் மரபணு மாற்றக் கடுகு வழக்கில் மாறுபட்ட தீர்ப்பளித்த இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். அந்தக் கொள்கைக்குள் தீவனத்துக்கு ஓர் அத்தியாயம் இருந்தாக வேண்டும்.

மூட்டையின் மேல் என்ன அச்சடிப்பது என்பதில் தொடங்கலாம். ஐரோப்பாவில் தீவனத்தில் 0.9 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய பொருள் இருந்தால் எழுதியாக வேண்டும். அங்கேயும் பெரும்பாலான பண்ணைகள் இறக்குமதியான மரபணு மாற்றச் சோயாவைத்தான் போடுகின்றன, தெரிந்து போடுகின்றன. இங்கே பிண்ணாக்கு மூட்டையில் எடையும் ஆலையின் பெயரும் இருந்தாலே அதிகம். மரபணு மாற்றமா இல்லையா, எந்த மாதம் ஆட்டியது, ஈரம் எவ்வளவு, அஃப்ளாடாக்சின் எவ்வளவு என்று நான்கு வரி தமிழில் இருந்தால் மாட்டுக்காரர் விலை கேட்கும் விதமே மாறும்.

அடுத்தது சொசைட்டி. காலையும் மாலையும் கொழுப்பும் இதர சத்தும் பார்க்கும் அதே மேசையில், வாரம் ஒருமுறை கலப்புப் பாலை அஃப்ளாடாக்சின் பட்டை கொண்டு சோதிக்கலாம். சில நிமிட வேலை. நஞ்சு தெரிந்தால் எந்த ஊர்த் தீவனம் என்று பின்னோக்கிப் போய், மூட்டையை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகம் போன்ற இடத்துக்கு அனுப்பலாம். கெட்ட தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும் என்பதால் மாட்டுக்காரரைத் தண்டிக்கவே தேவையில்லை. அந்த நாள்களின் பால் பணத்தைத் தீவன ஆலையிடம் வாங்கிக் கொடுத்தால் போதும். மக்காச்சோளம் விளையும் வட்டாரங்களில் உலர்களமும் சூடுகாற்று உலர்த்தியும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் வாசலிலேயே அமைய வேண்டும். தார்ச்சாலைக்குப் போகிற சோளம் அங்கே திரும்பினால், பெரம்பலூரில் அறுத்த சோளம் நாமக்கல்லில் கோழித் தொட்டிக்கு வந்து சேரும்வரை அதன் ஈரத்துக்கு ஒரு கணக்கு இருக்கும். மாவட்ட வாரியான பால் சோதனை முடிவுகளை, ஆண்டுதோறும் கால்நடை பராமரிப்புத் துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும் நாளிலேயே மேசையில் வைக்கலாம். 551-இல் 88 என்பது இப்போது எத்தனை என்று உறுப்பினர்கள் அமைச்சரை எழுந்து கேட்க அது வழிசெய்யும்.